மொன் மாநிலம்: எந்த ஊர், எந்தத் தீவு? குடும்பத்தோடு போக யோசனை வேண்டும்

கமாயுட் தம்பி (யாங்கோன்) – 3 நவம்பர் 2019

எல்லாருக்கும் வணக்கம். டிசம்பர் கடைசி வாரம் ஐந்தாறு நாள் லீவு கிடைக்கும் போலிருக்கிறது. அம்மா, மனைவி, பிள்ளைகள் இரண்டு பேர். வழக்கமாக ச்சவுங்தா, இல்லாவிட்டால் ங்வேசவுங் என்று போய்க் கடலில் குளித்துவிட்டுத் திரும்பிவிடுவோம். இந்தத் தடவை தெற்கே மொன் மாநிலம் போகலாம் என்று வீட்டில் பேச்சு. அம்மாவின் தாய்வழிச் சொந்தக்காரர்கள் ஒரு காலத்தில் அந்த மாநிலத்துத் தலைநகரான மோல்மேனில் இருந்தவர்கள். அந்த ஊரைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் முழங்கால் வலி, படி ஏறுவது கஷ்டம். பிள்ளைகளுக்கோ தீவு வேண்டும், படகு வேண்டும்.

எங்கே தங்குவது? எந்தெந்த ஊரைப் பார்ப்பது? தீவு என்று போய் நிற்க அங்கே உருப்படியாக ஏதாவது இருக்கிறதா? போய் வந்தவர்கள், அங்கேயே இருப்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மோல்மேன் வாசி – 3 நவம்பர் 2019

தம்பி, மோல்மேனில் குறைந்தது மூன்று இரவு தங்குங்கள். சாய்ட்டியோ தங்கப்பாறைக்குப் போகிற கையோடு ஒரு மதியம் எட்டிப் பார்த்துவிட்டு ஓடுகிறவர்கள்தான் "இங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்பார்கள்.

1827 முதல் 1852 வரை, பர்மாவில் வெள்ளைக்காரன் பிடித்து வைத்திருந்த பகுதிக்கு இதுதான் தலைநகர். ரங்கூன் தலையெடுப்பதற்கு முன்னால் தேக்கு ஏற்றுமதியும் கப்பல் கட்டுகிற வேலையும் இங்கேதான் நடந்தன. நகரத்தார் பர்மாவுக்குள் முதலில் கால் வைத்ததும் இந்தத் தென்கரையில்தான். 1826இல் முடிந்த முதல் ஆங்கிலோ-பர்மியப் போரை ஒட்டி வந்த படைகளோடும் கூலியாட்களோடும் சேர்ந்து வந்தவர்கள் அவர்கள். ஆகவே உங்கள் அம்மா வீட்டார் இங்கே வந்து சேர்ந்ததில் ஆச்சரியமே இல்லை. கீழ்ச் சாலையில் நடந்தாலே பள்ளிவாசல், மாதா கோயில், மொன் மடம், நம் கோயில் என்று அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும். அம்மாவுக்கு அந்தச் சாலை ஒன்றே ஒரு முழு நாளைக்குக் காணும்.

சாயங்காலம் ஐந்து மணிக்குள் மலைமுகட்டில் இருக்கும் சாய்க்தன்லான் பகோடாவுக்குப் போய்விடுங்கள். வண்டி கிட்டத்தட்ட மேல்வரை போகும். மேற்கே பார்த்தால் தன்ல்வின் ஆறு அகண்டு கடலை நோக்கிப் போவதும், குறுக்கே பிலூச்சுன் தீவு நீளமாகக் கிடப்பதும் தெரியும். கிழக்கே திரும்பினால் வயல்வெளி நடுவில் கயின் மாநிலத்துப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறைகள் தனித்தனியாக எழும்பி நிற்கும். ஜய்ங், அட்டரான் ஆறுகள் வந்து தன்ல்வினில் கலப்பதும் இதே ஊரை ஒட்டித்தான். மேலே நின்று பார்த்தால்தான் இந்த ஊர் ஏன் இங்கே அமைந்தது என்பது புரியும்.

தீவு விஷயத்தை நாளை விரிவாக எழுதுகிறேன்.

கடல்நீலம் (யாங்கோன்) – 4 நவம்பர் 2019

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்குத் தீவு வேண்டும் என்றால் மொன் மாநிலத்தோடு நிற்காமல் இன்னும் தெற்கே தனிந்தாரி போங்கள். மெய்க் கடலில் ஏறக்குறைய 800 தீவுகள். தண்ணீரில் இறங்கினால் கால்விரல் தெரியும், பவழப்பாறை இருக்கிறது, படகிலேயே வாழ்கிற சலோன் மக்களையும் பார்க்கலாம். அவ்வளவு தூரம் முடியாது என்றால் டவே பக்கம் மவுங்மகன் கடற்கரை. மொன் மாநிலத்துக் கடல் முழுக்க சேறு. செட்சே கடற்கரையில் இறங்கினால் கணுக்கால்வரை பழுப்புத் தண்ணீர்தான். இதற்காக யாங்கோனிலிருந்து ஒரு பகலைப் பயணத்தில் கழிக்க வேண்டுமா?

தாட்டோன் அக்கா – 4 நவம்பர் 2019

கடல்நீலம் சொல்வது மெய்க் தீவுகளுக்குப் பொருந்தும், மறுக்கவில்லை. ஆனால் முழங்கால் வலியுள்ள அம்மாவை அதிவேகப் படகில் ஏற்றி மணிக்கணக்காகக் கடலில் குலுக்கிக்கொண்டு போக வேண்டும். செலவும் பல மடங்கு. அது பிள்ளைகள் வளர்ந்த பிறகு தனியாகப் போடவேண்டிய பயணம்.

சேறு என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டீர்கள், அதுதான் எனக்கு வருத்தம். சிட்டாங், தன்ல்வின் இரண்டும் மொட்டமா வளைகுடாவில் வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. ஐராவதியின் வண்டலும் அலையோடு இந்தப் பக்கம்தான் ஒதுங்குகிறது. ஏற்றவற்றம் ஆறு மீட்டருக்கும் மேல் போகிற கடல் இது. நீர் வற்றும்போது கண்ணுக்கெட்டிய தூரம்வரை சேற்றுவெளி. உலகத்திலேயே அரிதாகிவிட்ட கரண்டி அலகு உள்ளான் என்ற சின்னப் பறவை சைபீரியப் பக்கத்திலிருந்து குளிர்காலத்துக்கு வந்து இரை தேடுவது இந்தச் சேற்றில்தான். 2017இல் இந்த வளைகுடாவை ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். நாம் யாங்கோனில் தின்கிற ஙபி மீன்விழுதும் கருவாடும் எத்தனையோ குடும்பங்களின் பிழைப்பும் இந்தச் சேற்றிலிருந்து வருபவை. குளிக்க உதவாத கடல் என்பதால் பார்க்கவும் உதவாது என்று ஆகிவிடாது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் காட்டினால் நிச்சயம் கேட்டுக்கொள்வார்கள்.

எங்கள் ஊரையும் விட்டுவிடாதீர்கள். அனவ்ரத்தா மன்னர் 1057இல் தாட்டோனை வென்று பௌத்த நூல்களையும் துறவிகளையும் பகானுக்குக் கொண்டுபோனார் என்பது பர்மியர் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் படிக்கிற கதை. அந்தப் பழைய தலைநகரில் இன்று ஷ்வேசயான் பகோடாவும் மரநிழல் விழுகிற நீளமான தெருவும்தான் மிச்சம். ஒரு மணி நேரம் இறங்கிப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போகலாம்.

மோல்மேன் வாசி – 4 நவம்பர் 2019

தீவுகளுக்கு வருகிறேன்.

சின்னது கவுங்சேச்சுன். ஊரின் வடக்கு முனைக்கு எதிரில், ஆற்று நடுவில் இருக்கிறது. சின்னப் படகில் சில நிமிடம். ஆவா அரசர்கள் காலத்தில் திஞ்சான் புத்தாண்டுக்கு மன்னர் தலைமுழுகுவதற்கு இந்தத் தீவின் ஊற்று நீரைத்தான் கொண்டுபோவார்களாம். இப்போது வெள்ளைப் பகோடாக்கள், ஒரு மடம், நிழல் மரங்கள், பாறைமேல் அடிக்கிற ஆற்றுக்காற்று. அம்மா உட்கார்ந்திருப்பார், பிள்ளைகள் சுற்றி ஓடலாம். படகு ஆசையும் தீரும். காலை எட்டு மணிக்கே போய்விடுங்கள், வெயில் ஏறினால் தரை சுடும், செருப்பில்லாமல்தான் நடக்கவேண்டும்.

பெரியது பிலூச்சுன். அதைப் பற்றி எழுத என்னைவிட ஆற்றுமணல் தம்பிக்கே தகுதி, அவர் வேலையே அங்கேதான்.

ஆற்றுமணல் (ச்சவுங்ஸோன்) – 5 நவம்பர் 2019

கூப்பிட்டதற்கு நன்றி அண்ணே.

பிலூச்சுன் சுற்றுலாவுக்காக உண்டான தீவு இல்லை. ச்சவுங்ஸோன் என்ற ஒரு முழு டவுன்ஷிப்பே இந்தத் தீவுதான். நெல்வயல், தென்னை, ரப்பர், பாக்கு, அதன் நடுவில் மொன் கிராமங்கள். வீட்டில் பேசுவது மொன் மொழி. 2017இல் பாலம் திறந்த பிறகு மோல்மேனிலிருந்து வண்டியிலேயே வந்துவிடலாம், அதற்கு முன்னால் படகை நம்பித்தான் எல்லாம். (பாலத்துக்கு வைத்த பெயர் குறித்து மொன் மக்களுக்கு மனத்தாங்கல் உண்டு. அந்த வருடம் பெரிய ஊர்வலமே நடந்தது. டீக்கடையில் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.)

இங்கே பார்க்க வேண்டியது கைத்தொழில். ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு தொழில். ரப்பர் வளையம் செய்கிற வீட்டை மட்டும் சொல்கிறேன். தோட்டத்துப் பாலில் சாயம் கலந்து தொட்டியில் வைத்திருப்பார்கள். வழவழப்பான உருளைக் கட்டைகள் வரிசையாகப் பொருத்திய பலகையைத் தலைகீழாக அதில் முக்கி எடுத்து வெயிலில் நிறுத்துவார்கள். காய்ந்ததும் கட்டைமேல் தோல் மாதிரி ஒட்டியிருக்கும் ரப்பரை மாவு தடவி உருவி எடுத்தால் நீளமான குழாய். அதைக் கத்தியில் கொடுத்தால் சரசரவென்று வளையம் வளையமாக விழும். முற்றம் முழுக்கச் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகக் கிடக்கும். மளிகைக் கடையில் பொட்டலம் கட்டித் தருகிற அதே வளையம்தான். உங்கள் பிள்ளைகள் அந்த முற்றத்தை விட்டு நகரமாட்டார்கள், நான் உறுதியாகச் சொல்வேன்.

அதைத் தவிர, மரச்சட்டம் போட்ட எழுதுபலகை செய்கிற வீடுகள், கடைசல் பிடித்துக் கைத்தடியும் புகைக்குழாயும் செய்கிற பட்டறை, தேங்காய் நாரைத் திரித்துக் கயிறும் மிதியடியும் போடுகிற பெண்கள். எல்லாமே வீடுகள். உள்ளே போகுமுன் வாசலில் நின்று ஒரு வார்த்தை கேளுங்கள், மறுக்கமாட்டார்கள். படம் எடுப்பதானால் தனியாகக் கேட்கவேண்டும். ஏதாவது ஒரு சாமான் வாங்கிவிட்டு வாருங்கள், அந்த வருமானம் நேராக அந்த வீட்டுக்கே போகும்.

கமாயுட் தம்பி – 5 நவம்பர் 2019

ஆற்றுமணல், படித்ததுமே பெரியவன் "அங்கேதான் போகணும்" என்று சொல்லிவிட்டான். தீவில் தங்க இடம் கிடைக்குமா? ஒரு நாளில் முடித்துவிடலாமா?

ஆற்றுமணல் – 5 நவம்பர் 2019

தங்குவதற்கு மோல்மேனே வசதி. காலை ஏழரைக்குப் பாலம் தாண்டினால் மூன்று நான்கு கிராமம் நிதானமாகப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பலாம். உள்சாலைகள் குறுகல், இரவில் ஓட்டுவது நல்லதல்ல. மொன் பேசத் தெரிந்த ஓட்டுநராகப் பார்த்துப் பிடியுங்கள், பாதி வேலை அவராலேயே முடிந்துவிடும்.

இரும்புப்பாதை (பகோ) – 6 நவம்பர் 2019

பயணம் பற்றி முதலில். யாங்கோன்–மோல்மேன் ரயில் ஒரு பகலை விழுங்கிவிடும், பஸ் அதைவிடச் சீக்கிரம். அம்மாவின் முழங்காலை நினைத்தால் போகும்போது பஸ், திரும்பும்போது பிள்ளைகளுக்காக ரயில் என்று வைத்துக்கொள்ளலாம். தன்ல்வின் பாலம் வருவதற்கு முன்னால் ரயில் ஆற்றுக்கு இக்கரையில் மொட்டமாவோடு நின்றுவிடும், அங்கே இறங்கி மூட்டை முடிச்சோடு படகேறித்தான் மோல்மேன் போகவேண்டும். 2005இல் அந்தப் பாலத்தைத் திறந்தார்கள். மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளம், வண்டியும் ரயிலும் ஒரே பாலத்தில் போகும். ரயில் அதன்மேல் மெதுவாகப் போகும்போது ஜன்னல் பக்கம் உட்காருங்கள்.

இப்போது இன்னும் யாரும் எழுதாத ஊர்: தன்பூசயாட். மோல்மேனுக்குத் தெற்கே ஏறக்குறைய நாற்பது மைல். சயாம்–பர்மா மரண ரயிலின் பர்மா முனை இந்த ஊர். 1942இல் ஜப்பானியர் ஆரம்பித்து, இரண்டு முனையிலிருந்தும் வேலை நடத்தி, 1943 அக்டோபரில் இணைத்த 415 கிலோமீட்டர் பாதை. ஊரில் போர்க்கல்லறை இருக்கிறது, காமன்வெல்த்காரர்கள் 3,149 பேர், டச்சுக்காரர்கள் 621 பேர். புல் வெட்டி, பூச்செடி வைத்து, ஒவ்வொருவருக்கும் பெயரும் வயதும் பொறித்த தகடு. 2016இல் பழைய பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு அருங்காட்சியகமும் திறந்தார்கள், நீராவி எஞ்சின் ஒன்று வெளியே நிற்கிறது.

இறந்த போர்க்கைதிகள் 12,000க்கு மேல். அவர்களோடு வேலை செய்து செத்த ஆசியத் தொழிலாளர்களுக்குச் சரியான கணக்கே எடுக்கப்படவில்லை. ஆய்வாளர்கள் பலர் 90,000 அளவில் மதிப்பிடுகிறார்கள். அதில் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஏற்றிக்கொண்டு போன தமிழர்கள் பல்லாயிரம் பேர். காலரா, மலேரியா, பட்டினி, ஆறாத புண். 1943 மழைக்காலத்தில் வேலையை முடுக்கியபோதுதான் முகாம் முகாமாகச் செத்தார்கள். மலாயாத் தமிழர்கள் பெரும்பாலும் சயாம் பக்கத்திலிருந்து இறக்கப்பட்டவர்கள். நம் பக்கத்தில் "வியர்வைப் படை" என்று பெயர் சூட்டிப் பர்மியர்களைக் கிராமம் கிராமமாகப் பிடித்துப்போனார்கள். இவர்கள் யாருக்கும் அந்த மாதிரி ஒரு தகடு கிடையாது. தெற்கே போகிற தமிழ்க் குடும்பம் எதுவும் இந்த ஊரில் இறங்காமல் போகக்கூடாது என்பது என் கருத்து.

இரண்டு பிள்ளைத் தாய் (மண்டலே) – 6 நவம்பர் 2019

லீவுக்குப் போகிற பிள்ளைகளைக் கல்லறைக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டுமா? சின்னக் குழந்தைக்கு என்ன புரியும்? இரவில் பயந்து அழுதால் யார் பார்ப்பது? அதைப் பெரியவர்கள் தனியாகப் போய்ப் பார்க்கட்டும். அவர் கேட்டது தீவும் ஊரும்.

இரும்புப்பாதை – 6 நவம்பர் 2019

அம்மா, உங்கள் கவலை நியாயமானது. அருங்காட்சியகத்தில் முகாம் வாழ்க்கையைக் காட்டும் படங்களும் உருவங்களும் உண்டு. சின்னவனை அதற்குள் கூட்டிப்போக வேண்டாம், வெளியே எஞ்சினைக் காட்டலாம். கல்லறையோ பார்வைக்கு ஒரு தோட்டம்தான், பயப்பட அங்கே எதுவும் இல்லை. பெரியவனுக்கு எல்லாம் புரியும். யாங்கோன் பக்கம் ட்டவுக்சான் கல்லறையில் நம்மவர் பெயர்கள் தூண் தூணாகப் பொறித்திருப்பதைப் பார்த்திருப்பான். இங்கே வந்தால், "நம்மவர் பெயர் ஏன் இல்லை?" என்று அவனாகவே கேட்பான். பட்டாளத்தில் இருந்தவன் செத்தால் பட்டியல் இருந்தது, கூலியாகப் போனவன் செத்தால் பட்டியலே இல்லை. பத்து வயதுப் பையனுக்கு அதைச் சொல்லலாம் என்றே நினைக்கிறேன்.

தாட்டோன் அக்கா – 7 நவம்பர் 2019

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அரை மணி நேரம் போதும், பாட்டியும் கூட இருந்தால் பிள்ளைகள் பயப்படமாட்டார்கள். போகும்போது ஒரு முழம் பூ வாங்கிக்கொண்டு போங்கள். பழைய பாதை தொடங்கும் இடத்தில் வைத்துவிட்டு வரலாம், யாரும் தடுக்கமாட்டார்கள்.

முடோன் ரப்பர் – 7 நவம்பர் 2019

எங்கள் சாலையை விட்டுவிட்டீர்களே! மோல்மேனிலிருந்து தன்பூசயாட் போகிற வழி முழுக்க நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டியது.

முதலில் சவுக்தலோன் மலை. சமவெளியில் செங்குத்தாக நிற்கும் சுண்ணாம்புப் பாறை, உச்சியில் பகோடா. சாலைக்கு எதிர்ப்பக்கம் அதே மாதிரி கொஞ்சம் சின்னப் பாறை, அதன் உச்சியில் இந்துக் கோயில். இரண்டுக்கும் நடுவில் சாலை. அம்மா மேலே ஏறவேண்டாம், அடிவாரத்திலிருந்தே கும்பிடலாம்.

அடுத்து வின்செய்ன் தவ்யா. மலைச்சரிவில் படுத்திருக்கும் புத்தர், ஏறக்குறைய 180 மீட்டர் நீளம். உள்ளே அறை அறையாகச் சிலைகள் வைத்துக் கதை சொல்லியிருக்கிறார்கள். நரகக் காட்சிகள் உள்ள பகுதியைச் சின்னக் குழந்தைக்குக் காட்டாதீர்கள். சாலையிலிருந்து உள்ளே போகும்போது இரண்டு பக்கமும் துறவிகள் பிட்சைக்குப் போகிற மாதிரி வரிசையாகச் சிலைகள். பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வருவார்கள்.

நாட்டில் ரப்பர் அதிகம் விளைவது இந்த மாநிலத்தில்தான். பால் வெட்டுவது விடியற்காலையில். மரத்தில் சாய்வாகக் கீறல் விழுந்ததும் பால் சொட்டுச் சொட்டாகக் கிண்ணத்தில் இறங்குவதைப் பார்க்க ஆசைப்பட்டால் ஏழு மணிக்குள் எங்கள் பக்கம் வந்துவிடவேண்டும். வெயில் வந்தால் பால் நின்றுவிடும். காலையில் இதைப் பார்த்துவிட்டு மறுநாள் பிலூச்சுனில் வளையம் செய்வதைப் பார்த்தால் முழுக்கதையும் பிள்ளைகளுக்குப் புரியும்.

தன்பூசயாட் தாண்டிக் கடற்கரைப் பக்கம் திரும்பினால் செட்சேயும் சாய்க்கமியும். செட்சேயில் சவுக்குத் தோப்பு, தட்டையான நீளக் கரை. நீர் வற்றியிருக்கும்போது பந்தடிக்கலாம், சைக்கிள் விடலாம். கடல்நீலம் சொன்ன பழுப்புத் தண்ணீர் உண்மைதான், ஆனால் ஆழமில்லாததால் குழந்தைகளை விட்டுவிட்டு நிம்மதியாக உட்காரலாம். சுட்ட இறாலும் இளநீரும் கிடைக்கும்.

சாய்க்கமி கடலுக்குள் கட்டிய பகோடா. நீர் ஏறும்போது கீழ்ப்படிகளையும் நடைபாதையையும் கடல் மூடிவிடும். 1826இல் வெள்ளைக்காரர்கள் ஆம்ஹெர்ஸ்ட் என்று பெயரிட்டு முதலில் ஊர் அமைத்தது இங்கேதான், மறுவருடமே மோல்மேனுக்கு மாறிவிட்டார்கள். அமெரிக்கப் பாதிரியார் ஜட்சனின் மனைவி ஆன் ஜட்சன் அந்த 1826இலேயே இங்கே இறந்தார், அவர் கல்லறையும் இந்த ஊரில்தான்.

புது வாசகன் – 8 நவம்பர் 2019

நாங்கள் ஜூன், ஜூலையில் போகலாமா? ஹோட்டல் விலை பாதியாக இருக்குமே.

தாட்டோன் அக்கா – 8 நவம்பர் 2019

வேண்டாம். ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற கரை இது, அதில் பெரும்பகுதி ஜூன், ஜூலை, ஆகஸ்டிலேயே விழுந்துவிடும். இந்த வருடம் ஆகஸ்ட் 9ஆம் தேதி பவுங் டவுன்ஷிப்பில் மலை சரிந்து வீடுகளை மூடி, எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது எங்கள் பக்கத்தில்தான். நீங்கள் மோல்மேனுக்குப் போகிற அதே நெடுஞ்சாலை. சேற்றை அள்ளி அள்ளி ஆட்களைத் தேடிக்கொண்டிருந்த அந்த நாட்களை எங்கள் ஊர் இன்னும் மறக்கவில்லை. நவம்பர் முதல் பிப்ரவரிவரைதான் காலம். மார்ச், ஏப்ரலில் வெயில் தாங்காது.

கடல்நீலம் – 9 நவம்பர் 2019

சாய்ட்டியோவை ஒருவரும் சொல்லவில்லையே? தங்கப்பாறை பார்க்காமல் மொன் மாநிலமா?

மோல்மேன் வாசி – 9 நவம்பர் 2019

சொல்லாததற்குக் காரணம் அம்மாவின் முழங்கால். கின்புன் அடிவாரத்திலிருந்து லாரியில் பலகைமேல் நெருக்கி உட்கார்ந்து மலையேற வேண்டும், திருப்பத்துக்குத் திருப்பம் தூக்கிப்போடும். இப்போது ஒரு பகுதிக்குக் கேபிள் கார் இருக்கிறது, மேலே போனபிறகு நாற்காலிப் பல்லக்கில் தூக்கிப்போக ஆட்களும் உண்டு. முடியாதது இல்லை. ஆனால் கிறிஸ்துமஸ் வாரத்தில் கூட்டம் நெரியும். பாறையைத் தொட்டுத் தங்க இலை ஒட்டுவது ஆண்களுக்கு மட்டும், பெண்கள் கொஞ்சம் தள்ளி நின்றுதான் கும்பிடவேண்டும். இதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அத்தனை தூரம் ஏறிய பிறகு தெரிந்தால் மனசு கஷ்டப்படும்.

என்னைக் கேட்டால் அதைத் தனிப்பயணமாக வைத்துக்கொண்டு, இந்தத் தடவை தெற்கையே பாருங்கள்.

சாப்பாடு பற்றி யாரும் எழுதவில்லை. ஸ்ட்ராண்ட் ரோட்டில் சாயங்காலம் ஆற்றோரம் சுட்ட மீன், இறால். மொன் வீட்டுக் குழம்பில் புளிச்சக்கீரைப் புளிப்பு தூக்கலாக இருக்கும், நம் நாக்குக்கு நன்றாகவே ஒத்துப்போகும். டிசம்பரில் பம்ப்ளிமாஸ் கிடைக்கும், மோல்மேன் பக்கத்துப் பழத்துக்குத் தனி மதிப்பு. திஞ்சான் சமயத்தில் வந்தால் மொன்காரர்களின் தண்ணீர்ச் சோறு: மெழுகுவர்த்திப் புகை மணம் ஏற்றிய குளிர்ந்த நீரில் சோறு, கூடவே கருவாடும் மாங்காயும். அது கிடைக்கிற காலம் ஏப்ரல்தான். வெயில் அடித்தாலும் அதற்காகவே ஒருமுறை வரலாம்.

தெற்கத்திப் பையன் (யே) – 10 நவம்பர் 2019

யே ஊரையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். ஊர் நடுவே ஏரி, அதைச் சுற்றி நடை. கொஞ்ச தூரத்தில் வாழைமலை என்கிற இடத்தில் நான்கு திசையும் பார்த்து முதுகோடு முதுகாக உட்கார்ந்திருக்கும் பிரம்மாண்டமான நான்கு புத்தர்கள். ஆனால் தன்பூசயாட்டுக்கு இன்னும் தெற்கே, சாலையும் நீளம். ஐந்து நாளில் அம்மாவோடு வேண்டாம்.

கமாயுட் தம்பி – 11 நவம்பர் 2019

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வீட்டில் உட்கார்ந்து போட்ட திட்டம் இது. 24 பஸ்ஸில் மோல்மேன். 25 கீழ்ச் சாலை, கோயில், சாயங்காலம் சாய்க்தன்லான். 26 விடியற்காலை முடோனில் ரப்பர், பிறகு தன்பூசயாட், சாய்க்கமி, செட்சே. 27 பிலூச்சுன். 28 காலை கவுங்சேச்சுன், பிற்பகல் ஓய்வு. 29 ரயில். அம்மா அந்தப் பூ விஷயத்தைக் கேட்டதும், "நானே கட்டி எடுத்துக்கிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டார்.

சாய்க்கமியில் எந்த நேரத்தில் போனால் படி தெரியும்? நடைபாதை மூழ்கியிருந்தால் அம்மாவைக் கூட்டிப்போவது ஆபத்தா?

முடோன் ரப்பர் – 11 நவம்பர் 2019

26ஆம் தேதி அமாவாசை. அன்று பகலில் சூரிய கிரகணமும் இருக்கிறது, அம்மா கிரகண நேரத்தில் வெளியே வருவாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரண்டு மூன்று நாளும் நீர் மிக உயரம் ஏறும், அதே அளவு இறங்கவும் செய்யும். ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம், ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். முந்தின நாள் சாயங்காலம் ஓட்டுநரை விட்டு சாய்க்கமி கடைக்காரர் யாரிடமாவது போனில் கேட்கச் சொல்லுங்கள், அன்றைய நேரத்தைச் சரியாகச் சொல்லிவிடுவார்கள். நீர் ஏறத் தொடங்கிவிட்டால் மேலேயே உட்கார்ந்திருங்கள், அவசரப்பட்டு இறங்கவேண்டாம். பாசி வழுக்கும்.

இன்னொன்று. 26ஐயும் 28ஐயும் மாற்றிக்கொண்டால் கிரகணப் பிரச்சினை இருக்காது. கவுங்சேச்சுன் காலையிலேயே முடிந்துவிடும், பகல் முழுக்க அம்மா அறையில் இருக்கலாம்.

கமாயுட் தம்பி – 12 நவம்பர் 2019

மாற்றிவிட்டேன். கிரகணத்தை அம்மாவும் சொன்னார்.

புதிதாக வந்தவள் (யாங்கோன்) – 17 டிசம்பர் 2023

இந்த இழையை இப்போதுதான் படித்தேன். இதே திட்டத்தில் இந்த மாதக் கடைசியில் போகலாமா?

தாட்டோன் அக்கா – 18 டிசம்பர் 2023

தங்கச்சி, மேலே உள்ளதெல்லாம் 2019இல் எழுதியது, அப்படியே எடுத்துக்கொள்ளாதே. 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு சாய்ட்டோ, பிலின், தாட்டோன் சாலையில் சண்டை நடந்து பஸ் நின்ற நாட்கள் உண்டு. யே பக்கம் இப்போதைக்கு நினைக்கவே வேண்டாம். எல்லாருடைய அடையாள அட்டையும் அசலாகக் கையில் இருக்கவேண்டும், சோதனைச் சாவடிகளில் கேட்பார்கள், ஹோட்டலிலும் கேட்பார்கள். இருட்டிய பிறகு சாலையில் இருக்கக்கூடாது. சொந்தக்காரர் வீட்டில் தங்குவதானால் வார்டு அலுவலகத்தில் விருந்தினர் பதிவு போட்டுவிடச் சொல்.

கிளம்ப நினைக்கிற தேதியை இங்கே எழுது. முந்தின நாள் பஸ் ஓடுகிறதா, வழி திறந்திருக்கிறதா என்று விசாரித்துச் சொல்கிறேன். அதைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுக்கலாம்.